அங்கவடி இல்லாத காலத்துக் குதிரைப்படை

சென்ற திங்கள் இப்பகுதியில் பழங்காலப் படைகளைப்பற்றி எழுதுகையில், போகிறபோக்கில் ஒரு கருத்தைக் கூறிச் சென்றேன். அங்கவடி தோன்றும் வரையில் குதிரைவீரன் அம்பு எய்யவும், தோற்றோடுவோரைத் துரத்தவுமே பயன்பட்டான் என்றும், ஈட்டியோடு பகைவர் அணியின்மேல் பாய்ந்திருந்தால் குத்திய வேகத்தில் அவனே பின்புறமாகச் சரிந்து வீழ்ந்திருப்பான் என்றும் எழுதியிருந்தேன். நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகள், எட்டாம் வகுப்பில் பயில்பவள், அதனை அப்படியே மனனம் செய்து பள்ளிப் பேச்சுப் போட்டியில் முழங்கியிருக்கிறாள். நடுவராக அமர்ந்திருந்த வரலாற்று ஆசிரியை, "அப்படியானால் கௌகமேலாவில் அலெக்சாந்தரின் குதிரைவீரர்கள் செய்தது என்ன?" என்று வினவினாராம். குழந்தை விடை தெரியாது விழித்து நின்றாளாம்.

அவளுடைய அன்னையார் எனக்கு எழுதிய கடிதத்தில் கடுஞ்சொல் ஒன்றுமில்லை. "தமிழில் அச்சாகி வந்ததாயிற்றே என்று நம்பித்தான் படித்தாள்" என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. வீட்டுக்கு வெளியே தமிழ் எழுத்தையே காணாத ஊரில் வளரும் குழந்தைக்கு, மாதம் ஒருமுறை வரும் இந்த ஏடு எவ்வளவு பெரிய சான்று என்பதை அந்த வரி எனக்கு உணர்த்திற்று. ஆகவே இத்திங்கள் வேறு பொருளைத் தொடப்போவதில்லை. அந்தக் குழந்தைக்குப் பட்ட கடனைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

என் பிழை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். லின் ஒயிட் என்ற அமெரிக்க அறிஞர் 1962-இல் வெளியிட்ட நூல் ஒன்றில், அங்கவடியே ஐரோப்பாவின் இடைக்கால வீரனை உருவாக்கிற்று என்று வாதித்தார். ஈட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குதிரையின் வேகமும் எடையும் முழுவதும் ஈட்டி முனையில் இறங்குமாறு மோதும் முறைக்கு அங்கவடி இன்றியமையாதது என்பது அவர் கருத்து. பின்வந்தோர் பலர் அதனையே மறுத்திருக்கின்றனர். அது நிற்க, அவர் எழுதியது கி.பி. 8-ஆம் நூற்றாண்டைப்பற்றி. நானோ அதனை ஆயிரம் ஆண்டுகள் பின்னுக்கு இழுத்துச் சென்று, அங்கவடி இல்லாதவன் பாயவே முடியாது என்று தீர்ப்பெழுதிவிட்டேன்.

படைக்குதிரைகளைப் பழக்கும் பணியில் மீரட்டில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் இவ்வூரில் மகனுடன் வாழ்ந்து வருகிறார். கடிதம் வந்த மறுநாளே அவரிடம் சென்றேன். நான் எழுதியதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தம்பி, நீங்கள் குதிரை ஏறியதுண்டா?"

"ஏழு வயதில், சென்னைக் கடற்கரையில், ஐயா. குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார்."

"அதுதானே பார்த்தேன். புதிதாக வருகிறவனை நாங்கள் பல நாள் அங்கவடி இல்லாமலேதான் ஓட்டச் சொல்வோம். இருக்கை காலடியில் இல்லை. தொடையிலும் இடுப்பிலும் இருக்கிறது. அங்கவடி உதவிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு. மேலே இருப்பவன் விழுவானா என்று கேட்கிறீர்கள். கீழே இருக்கும் குதிரை போகுமா என்று கேட்கவில்லையே!"

பின்னர் அவர் சொன்னது இது. குதிரைக்கும் உயிர்மேல் ஆசை உண்டு. சுவரைக் கண்டால் அது நின்றுவிடும், அல்லது விலகிப்போகும். அப்பால் தரை தெரிந்தால் வேலியைத் தாண்டும். தோளோடு தோள் நெருக்கி, ஈட்டி நீட்டி, அசையாது நிற்கும் மனிதர் கூட்டம் குதிரையின் கண்ணுக்குச் சுவரேயாகும். அந்தக் கூட்டம் கலைந்து இடைவெளி தோன்றுமாயின், அதன் வழியே எவ்வளவு வேகமாகவும் பாயும். "குதிரை மோதுவதில்லை தம்பி, நுழைகிறது" என்றார்.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பழைய போர்களை மீண்டும் படித்தபோது, முன்பு விளங்காதவை பல எனக்கு விளங்கின.

நால்வகைப் படையை நம் முன்னோர் தேர், கரி, பரி, காலாள் என்று எண்ணினர். தேர் முன்னே நிற்பதில் வியப்பில்லை. மேற்காசியாவிலும் குதிரை முதலில் தேரை இழுத்தே போருக்கு வந்தது. முதுகில் வீரனைச் சுமந்து அணியணியாகப் போரிடத் தொடங்கியது பின்னரே. கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் ஆண்ட அசீரிய மன்னன் இரண்டாம் அசூர்நசிர்பாலின் அரண்மனைச் சிற்பங்களில், குதிரைவீரர் இருவர் இருவராகவே காணப்படுகின்றனர். ஒருவன் தன் குதிரையின் கடிவாளத்தோடு மற்றவன் குதிரையின் கடிவாளத்தையும் பற்றிக்கொள்ள, மற்றவன் இரு கைகளாலும் வில்லை வளைக்கிறான். தேரை அகற்றிவிட்டனர், தேர்ப்பாகனை மட்டும் விட மனம் வரவில்லை! இருநூறு ஆண்டுகள் கழித்து, அசூர்பானிபாலின் காலத்துச் சிற்பங்களில், ஒவ்வொருவனும் தன் குதிரையைத் தானே செலுத்திக்கொண்டு ஈட்டியோடு விரைகிறான். இடையில் கற்றதெல்லாம் அமரும் கலை. அங்கவடி இல்லை, மரச்சட்டம் வைத்த சேணமும் இல்லை, முதுகில் விரித்த துணி ஒன்றே.

அப்படி அமர்ந்தவனுக்கு விழும் அச்சம் இல்லாமற்போகவில்லை. கி.மு. 401-இல் பாரசீகத்தின் நடுவே தலைவர்களை இழந்து தவித்த கிரேக்கக் கூலிப்படையினர், தம்மிடம் குதிரைகள் இல்லையே என்று கலங்கியபோது, செனோபன் அவர்களைத் தேற்றிய முறை சுவையானது. குதிரை கடித்தோ உதைத்தோ போரில் எவனும் செத்ததில்லை. குதிரைமேல் இருப்பவன் நமக்கு அஞ்சுவதோடு கீழே விழுவதற்கும் அஞ்சுகிறான். நாமோ உறுதியான தரையில் நிற்கிறோம் என்பது அவர் பேச்சின் கருத்து. என் சென்ற திங்கள் கட்டுரைக்கு இதனைச் சான்றாகக் காட்டித் தப்பிக்கலாமா என்று ஒரு கணம் எண்ணியதுண்டு. ஆயின் அது துணையிழந்து நின்ற வீரருக்குத் தைரியம் ஊட்டச் சொன்ன சொல். செனோபன் தாமே குதிரையேற்றத்தைப்பற்றி நூல் எழுதியவர். குதிரையின் வலிமையை அவர் அறியாதவர் அல்லர்.

அதே ஆண்டில், அந்தப் பேச்சுக்குச் சிறிது முன்னர், பாபிலோனுக்கு அருகே குனக்சாவில் நடந்த போரை அவர் கண்ணாரக் கண்டிருக்கிறார். அண்ணன் அர்த்தசெர்க்சஸின் அரியணையைக் கவர வந்த இளைய சைரஸ், அறுநூறு குதிரைவீரருடன் அண்ணன் நின்ற நடுவிடத்தின்மேலேயே பாய்ந்தான். அரசனுக்கு முன் நின்ற பெரும்படை சிதறி ஓடிற்று. பாய்ச்சல் வென்றது, அதன்பின் வந்ததுதான் கேடு. அறுநூற்றுவரும் ஓடுவோரைத் துரத்திக்கொண்டு திசைக்கொருவராகப் பிரிந்துவிட்டனர். சைரஸைச் சூழ அவனோடு பந்தியமரும் தோழர் சிலரே எஞ்சினர். அந்நிலையில் அண்ணனைக் கண்டதும் வெறிகொண்டு பாய்ந்தான். கண்ணுக்குக் கீழே எறிவேல் தைத்து மாண்டான். அவனுடைய கிரேக்கக் காலாட்படை தன் பக்கத்தில் வென்றுகொண்டிருந்தது. யாருக்காக வென்றார்களோ அவன் உயிரோடு இல்லை.

நுழைவது பாதி, நுழைந்தபின் கூடி நிற்பது பாதி என்பதை இந்தப் போரைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பின் மாசிடோனியர் அந்த இரண்டாம் பாதியையும் கற்றுக்கொண்டு வந்தனர்.

அதற்கு அடிகோலியவன் அலெக்சாந்தரின் தந்தை பிலிப். தன் நாட்டு உயர்குடிக் குதிரைவீரரை 'தோழர்' என்ற பெயரால் ஒரு படையாகத் திரட்டினான். ஆப்பு வடிவில் அணிவகுக்கும் முறையை சிதியரிடமிருந்து திரேசியர் கற்க, அவர்களிடமிருந்து பிலிப் கற்றான் என்று பழைய போர்நூலார் கூறுவர். முனையில் தலைவன் ஒருவன். பின்னே போகப்போக அகன்று விரியும் வரிசைகள். இதன் பயனை நான் மரம் பிளக்கும் ஆப்பைப்போலவே எண்ணியிருந்தேன். பழைய நூல்கள் சொல்வது வேறு: நாரைக் கூட்டம் பறப்பதுபோல் எல்லோருடைய கண்ணும் தலைவன் ஒருவன்மீது இருப்பதால், அவன் திரும்பினால் படை முழுவதும் எளிதில் திரும்பும். அதாவது ஆப்பின் சிறப்பு உடைப்பதில் இல்லை, திரும்புவதில் இருக்கிறது! இடைவெளி எங்கே எப்போது திறக்கும் என்பது முன்கூட்டித் தெரியாதபோது, நொடியில் திரும்பவல்ல படையே அதனுள் நுழையமுடியும்.

அவர்களுடைய ஈட்டி, கார்னெல் என்னும் வைரம் பாய்ந்த மரத்தாலானது. அதனைக் கக்கத்தில் இடுக்கவில்லை. கையில் ஏந்தி, கையின் வலிமையாலேயே குத்தினர், பெரும்பாலும் முகத்தை நோக்கி. குத்திய ஈட்டி முறியும், அல்லது கைவிடப்படும். ஆகையால் குத்தியவன் சரிந்து விழவேண்டிய தேவையே இல்லை. கி.மு. 334-இல் கிரானிகஸ் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரின் ஈட்டி முறிந்தது, தன் பணியாளன் அரெட்டிசிடம் வேறு கேட்டான், அவனுடையதும் முறிந்திருந்தது. கொரிந்து நகரத்து டெமரட்டஸ் தன் ஈட்டியைக் கொடுக்க, அதனைக்கொண்டு பாரசீக வேந்தனின் மருமகனை முகத்தில் குத்தி வீழ்த்தினான். அதே கணத்தில் பின்னிருந்து அவன்மேல் ஓங்கிய வாளை, ஓங்கிய கையோடு வெட்டி வீழ்த்தி அவன் உயிரைக் காத்தவன் கிளீட்டஸ். ஆறு ஆண்டுகளுக்குப் பின் சமர்க்கந்தில், மதுமயக்கத்தில் நேர்ந்த சொற்போரில், அந்தக் கிளீட்டஸை அலெக்சாந்தர் தன் கையாலேயே குத்திக் கொன்றான். அது தனிக்கதை.

இனி ஆசிரியை கேட்ட கௌகமேலாவுக்கு வருவோம். இன்றைய இராக்கில் மோசுல் நகருக்கு அருகில் உள்ள சமவெளி அது, கி.மு. 331, அக்டோபர் 1. அலெக்சாந்தரிடம் ஏறத்தாழ 7,000 குதிரைவீரரும் 40,000 காலாட்களும் இருந்தனர். தாரியஸின் படை அதனினும் மிகப் பெரிது. அரிவாள் பூட்டிய தேர்கள் ஓடுவதற்கென்று தாரியஸ் நிலத்தைச் சமன்செய்து வைத்திருந்தான். அலெக்சாந்தர் நேரே முன்னேறாமல் வலப்புறமாகச் சாய்ந்து சாய்ந்து நகர்ந்தான். இன்னும் சிறிது சென்றால் சமன்செய்த நிலத்தைத் தாண்டிவிடுவான், தேர்கள் பயனற்றுப்போகும். அதனைத் தடுக்கத் தாரியஸ் தன் இடப்பக்கக் குதிரைப்படையை அவனை வளைக்க ஏவினான்.

அலெக்சாந்தர் அப்போதும் தன் தோழர் படையை அசைக்கவில்லை. வளைக்க வந்தோரைத் தடுக்க, மெனிடாஸ் என்பவனின் கீழ் இருந்த கூலிக் குதிரைவீரர் சிலரை அனுப்பினான். அவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிறியர், பின்னடைந்தனர். மேலும் ஒரு சிறு படையை அனுப்பினான். பாரசீகர் அவ்விடத்தை வலுப்படுத்த இன்னும் ஆள் அனுப்பினர். கவசமணிந்த சிதியரிடம் அலெக்சாந்தரின் வீரர் பலர் அங்கே மடிந்தனர். ஆயினும் விட்டுக்கொடுக்காமல் திரும்பத் திரும்பத் தாக்கி நின்றனர். பாரசீகக் குதிரைகள் அவ்வாறு பக்கவாட்டில் இழுக்கப்பட்டுக்கொண்டே போக, தாரியஸ் நின்ற நடுவிடத்துக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவே அணி விட்டுப்போயிற்று. அந்தக் கணத்தில்தான் அலெக்சாந்தர் தோழர் படையை ஆப்பாகத் திருப்பி, அருகிருந்த காலாட்படையையும் சேர்த்துக்கொண்டு, அந்த இடைவெளிக்குள் தாரியஸை நோக்கிப் பாய்ந்தான். தாரியஸ் தேரைத் திருப்பி ஓடினான்.

ஓவியர் வரைவதெல்லாம் இந்தக் கடைசிப் பாய்ச்சலையே. பாம்பேயி நகரத்து வீடொன்றில் 1831-இல் கண்டெடுக்கப்பட்ட புகழ்பெற்ற பளிங்குத்துண்டு ஓவியத்திலும், அலெக்சாந்தர் அங்கவடியற்ற கால் தொங்க ஈட்டியைச் செலுத்துவதையும், தாரியஸ் தேரில் கலங்கி நிற்பதையும் காணலாம். அந்த இடைவெளியை உயிர்கொடுத்து வாங்கிய மெனிடாஸின் கூலிவீரருக்கு ஓவியம் இல்லை. வெற்றியில் பாதிக்குமேல் அவர்களுடையது என்பதே என் துணிபு.

நுழைந்தபின் என்ன நடந்தது? குனக்சாவின் சோதனை மீண்டும் வந்தது. தாரியஸ் கண்ணெதிரே ஓடுகிறான். அப்போது இடப்பக்கத்தில் பார்மேனியன் நெருக்கடியில் சிக்கியுள்ளான் என்ற செய்தி வருகிறது. அலெக்சாந்தர் துரத்தலை விட்டுத் தோழர் படையோடு திரும்பினான் என்று அர்ரியன் எழுதுகிறார். திரும்பும் வழியில், ஓடிவரும் பாரசீக, பார்த்திய, இந்தியக் குதிரைவீரர் எதிர்ப்பட்டனர். தப்பிச் செல்ல அவர்களுக்கு வேறு வழியில்லை. அன்றைய போரிலேயே கடுமையான கைகலப்பு அதுவே. தோழர் ஏறத்தாழ அறுபதுபேர் அங்கே மாண்டனர். மெனிடாஸும் அங்கே காயமுற்றான். பரிசைக் கையெட்டும் தூரத்தில் விட்டுவிட்டு, சிதறாமல் ஒரே படையாகத் திரும்பி வருவது, பாய்வதைவிட அரிய செயல் என்று பெரியவரும் ஒப்புக்கொண்டார்.

அந்தியோக்கஸ் என்ற சிரியா வேந்தனுக்கு அது ஆயுள் முழுவதும் கைவரவில்லை. கி.மு. 217-இல், காசாவுக்குத் தெற்கே ராபியாவில், தன் பக்கத்துப் பகைவரைக் குதிரைப்படையால் முறியடித்து வெகுதூரம் துரத்திச் சென்றான். திரும்பிப் பார்க்கையில் நடுவிடம் தோற்றுப்போயிருந்தது. அப்போது அவனுக்கு இளம் வயது. 27 ஆண்டுகள் கழித்து மக்னீசியாவில் உரோமரை எதிர்த்தபோது, அதே போல் தன் பக்கத்தில் வென்று, அதே போல் உரோமர் பாசறைவரை துரத்தி, அதே போல் போரை இழந்தான்!

இந்திய மண்ணிலேயே கி.மு. 326-இல் ஜீலம் ஆற்றங்கரையில் நடந்த போரில், பெரியவரின் சொல் வேறொரு வகையில் மெய்யாயிற்று. போரஸின் முன்னணியில் 200 யானைகள் நின்றன என்பது அர்ரியன் தரும் கணக்கு. நேரெதிரே ஆற்றைக் கடந்தால், யானையைக் கண்டும் அதன் பிளிறலைக் கேட்டும் குதிரைகள் மிதவையிலிருந்து நீரில் குதித்துவிடும் என்று அலெக்சாந்தர் அஞ்சினான். மழை கொட்டிய இரவில், தொலைவில் மேல்நோக்கிச் சென்று கடந்தான். தடுக்க வந்த போரஸின் மகனுடைய தேர்கள் சேற்றில் சிக்கின, மகன் மாண்டான். பெரும்போரிலும் அலெக்சாந்தர் தன் குதிரைகளை யானை வரிசையின்மேல் ஏவவேயில்லை. குதிரைவில்லாளர் ஆயிரவரை முதலில் அனுப்பி, இந்திய இடப்பக்கக் குதிரைப்படையை அம்பால் கலைத்தான்; கோயனஸ் என்பவனைச் சுற்றி அனுப்பி, அப்படையின் பின்புறத்திலும் தாக்கினான். இருபுறமும் நெருக்குண்ட இந்தியக் குதிரைவீரர் தம் யானைகளையே மதிலாகக் கொண்டு அவற்றினிடையே ஒதுங்கினர். யானைகள் காயமுற்று, பாகரை இழந்து, நண்பர் பகைவர் என்று பாராமல் மிதித்தன. அங்கவடி இருந்திருந்தால் இந்தப் போரின் போக்கு மாறியிருக்கும் என்று எவர் கூறமுடியும்? அன்று தடை குதிரையின் கண்ணிலும் மூக்கிலும் இருந்தது.

கடைசியாக ஒன்று. பின்னாளில் குதிரைக்கும் வீரனுக்கும் இரும்புப் போர்வை போர்த்தி, நீண்ட ஈட்டி தந்து, மோதுவதற்கென்றே ஒரு படையைப் பார்த்தியர் வளர்த்தனர். அவர்களும் அங்கவடி அறியாதவர்களே. கி.மு. 53-இல் கார்ரேயில், கிராசஸின் உரோமப் படையை எதிர்த்த சுரேனாவிடம் இத்தகையோர் ஆயிரவர் இருந்தனர். முதலில் அவர்களையே பாயவிட எண்ணினான். உரோமக் காலாட்படை கேடயத்தோடு கேடயம் நெருக்கி ஆழமாக நிற்பதைக் கண்டதும், அந்த எண்ணத்தைக் கைவிட்டுப் பின்வாங்கினான். வில்லாளர் சுற்றி நின்று அம்பு பொழிந்தனர். அம்பு தீரத்தீர ஒட்டகங்கள் சுமந்து வந்து கொடுத்தன. பொறுக்கமாட்டாமல் கிராசஸின் மகன் பப்ளியஸ் 1,300 குதிரைவீரருடனும் ஒரு பகுதிக் காலாட்படையுடனும் அணியை விட்டு வெளியே பாய்ந்து, ஓடுவதுபோல் நடித்தவரை நெடுந்தொலைவு துரத்தினான். அதன்பின்னரே இரும்புப்படை அவனை எதிர்த்து நின்றது. அவனுடைய கால் நாட்டு வீரர், ஈட்டிகளைக் கையால் பற்றி இழுத்தும், குதிரைகளின் வயிற்றுக்கடியில் தவழ்ந்து குத்தியும் போரிட்டனர். பயனில்லை. மாலைக்குள் மகனின் தலை ஈட்டி முனையில் தந்தையின் கண்முன் காட்டப்பட்டது. அப்படையெடுப்பில் மாண்ட உரோமர் 20,000, சிறைப்பட்டோர் 10,000 என்பர். இரும்பணிந்த குதிரையும் சுவரைக் கண்டு நின்றது. சுவரிலிருந்து தானே பெயர்ந்து வந்த கல்லைத்தான் நொறுக்கிற்று.

இவற்றையெல்லாம் அந்தக் குழந்தையின் வீட்டுக்குச் சென்று நேரிலேயே சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். மன்னித்துவிட்டாள் என்றே நினைக்கிறேன். பின்னர் அவள் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை: "அங்கவடி இல்லையென்றால் மாமா, அவர்கள் குதிரைமேல் எப்படி ஏறினார்கள்?"

செனோபனின் நூலில் அதற்கு விடை இருக்கிறது. பிடரிமயிரைப் பற்றிக்கொண்டோ, ஈட்டியைத் தரையில் ஊன்றியோ தாவி ஏறவேண்டும். முதியவருக்குப் பணியாள் தூக்கிவிடலாம். இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். சீனத்தில் சாங்சா நகருக்கு அருகே, கி.பி. 302-ஆம் ஆண்டுக் கல்லறை ஒன்றில் கிடைத்த மண்பொம்மைக் குதிரைக்கு அங்கவடி இருக்கிறது. இடப்பக்கத்தில் ஒன்று மட்டும். மேலே அமர்ந்திருப்பவனின் கால் அதில் இல்லை. அது ஏறுவதற்கு வைத்த படி என்பர். இருபக்கமும் அங்கவடி உள்ள பொம்மை, நான்கிங்குக்கு அருகே கி.பி. 322-ஆம் ஆண்டுக் கல்லறையில் கிடைத்தது.